நோன்புக் கஞ்சிக்கு எந்தப் பாத்திரம்?

குடவாசல், கூத்தாநல்லூர் வட்டாரத்தில் ரமலான் மாதத்து மாலைகளில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்த்துக் காய்ச்சிய அந்தக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கி வருவதே பழைய வழக்கம். இன்று பல ஊர்களில் அதைப் பாலிதீன் பையில் கட்டிக் கொடுக்கும் பழக்கமும் புகுந்துவிட்டது. இது சரிதானா?

உணவு வாங்கும்போது "இது ஹலாலா?" என்று கேட்பது முஸ்லிம்களின் வழக்கம். மார்க்கம் அனுமதித்ததா என்பதே கேள்வி. ஆனால் குர்ஆன் 'ஹலால்' என்பதோடு 'தய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்துக் கூறுகிறது. தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். வீண்விரயத்தையும் அது கண்டிக்கிறது. அப்படியானால், உணவைப் போலவே அதைக் கட்டித் தரும் பையும் நல்லதுதானா என்று கேட்க வேண்டாமா?

அறிவியல் என்ன சொல்கிறது? சூடு ஏற ஏற, பிளாஸ்டிக்கில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் உணவில் எளிதாகக் கசியும். காகிதக் குவளையும் இதற்கு விலக்கல்ல. அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் அறிவித்தபடி, அத்தகைய குவளையில் 100 மி.லி. சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. இருந்தும் பை மறையவில்லை. ஏன்? நம்பிக்கையும் சட்டமும் மட்டும் போதா. கையில் பாத்திரமும் இருக்க வேண்டும்! வேலை முடிந்து நேரே வருபவரிடம் வாளி இராது என்பது நியாயமே. அவருக்குப் பள்ளிவாசலிலேயே கழுவி வைத்த பாத்திரத்தை இரவல் கொடுக்கலாம்.

அதற்காகப் புதிய எவர்சில்வர் வாளி வாங்க ஓடாதீர்கள். எஃகு உருக்க ஏராளமான ஆற்றல் செலவாகிறது. பரணில் கிடக்கும் வாளியை எடுத்துத் துலக்குங்கள். வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல வாங்கும் பழக்கம்தான்!

சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. எனவே ரமலான் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. 2033 வாக்கில் அது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும். அப்போது எறியும் பை நேரே வாய்க்கால் மதகில் போய் அடைக்கும். வெள்ளம் வடியாமல் பயிர் அழுகும். அந்த வயலின் அரிசிதானே கஞ்சியாகிறது?

கோயில் அன்னதானத்துக்கும் கல்யாணப் பந்திக்கும் இதே கேள்வி பொருந்தும். அடுத்த ரமலானில் உங்கள் தெருவில் எத்தனை வாளி, எத்தனை பை என்று மாதம் முழுதும் எண்ணுங்கள். அந்தக் கணக்கை ஜமாஅத் பெரியவர்களிடம் காட்டுங்கள். உபதேசத்தைவிட எண்கள் உரக்கப் பேசும்.