நெளிவதெல்லாம் நுளம்புப் புழு அல்ல

  கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஹவுழில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. வுழூ செய்ய வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "மண்ணெண்ணெய் ஊத்துங்கோ" என்றார் ஒருவர். "மீன்களைப் பிடிச்சுப்போட்டு மருந்து போடுங்கோ" என்றார் இன்னொருவர். டெங்குவுக்குப் பயப்படுவது சரிதான், நாங்களும் பிள்ளைகளை வைத்திருக்கிறோம். ஆனால் மருந்துப் போத்தலைத் தூக்குமுன் அது என்ன புழு என்று யாரும் பார்க்கவில்லை.

எங்களுக்கு அதைக் காட்டித் தந்தது ஒரு தூண்டில் பெட்டி. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் மச்சான் விடுமுறையில் வந்தபோது தந்தது. அந்த மாகாணத்தில் கம்லூப்ஸ் பக்கத்து ஏரிகளில் ட்ரவுட் மீன் பிடிப்பவர்கள் பலர் இரை குத்துவதில்லை, பொய்ப்பூச்சி கட்டுகிறார்கள். சின்னக் கொளுக்கியில் கறுப்பு அல்லது சிவப்பு நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பியை வரிவரியாக ஓட்டி, தலைப்பக்கம் துளி வெள்ளை நூல் வைக்கிறார்கள். அவ்வளவுதான். வகுப்பில் அதைக் காட்டியதும் ஒரு பிள்ளை, "சேர், இது எங்கட தாங்கியில நெளியிறதுதானே!" என்றாள்.

அவள் சொன்னது கிட்டத்தட்டச் சரி. இரண்டும் கைரோனமிட் என்ற ஒரே பூச்சிக் குடும்பம். ஹவுழில் கண்டது புழு, கொளுக்கியில் கட்டியது அதன் அடுத்த பருவமான கூட்டுப்புழு. புழு அடிச்சேற்றில் வாழ்கிறது. எங்கள் இரத்தத்தில் உள்ளதுபோல அதிலும் ஹீமோகுளோபின் உண்டு, அதனால்தான் அந்தச் சிவப்பு. ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்ளும். கூட்டுப்புழு மெல்ல மெல்ல மேலே வரும், அதன் தலையில் வெள்ளைப் பூப்போல செவுள் இருக்கும். கொளுக்கியில் வைக்கும் வெள்ளை நூல் அதற்குத்தான். மிதவை கட்டி, பொய்ப்பூச்சியை ஏரியின் அடிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, அசைக்காமல் காத்திருப்பார்கள். உண்மையான பூச்சி அவ்வளவு மெதுவாக எழும்புவதால்தான் மீன் ஏமாறுகிறது.

இங்கிலாந்தில் பிளாக்டன் நீர்த்தேக்கத்தில் 1920களில் மீன் பிடித்தவர் டொக்டர் பெல் என்ற வைத்தியர். பிடித்த மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைப்போலவே கட்டினார். முதலில் பார்த்தார், பிறகுதான் கை வைத்தார். "இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு, யாழ்ப்பாணத்தில ஏது ட்ரவுட்?" என்று கேட்பீர்கள். உண்மை, அந்த மீனுக்குக் குளிர்நீர் வேண்டும். எங்கள் நாட்டில் நுவரெலியாப் பக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதோடு சரி. நாங்கள் கேட்பது மீனை அல்ல, அந்தப் பார்க்கும் பழக்கத்தை.

பார்ப்பது கடினமில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் அந்த நீரை எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேற்பரப்பில் தொங்கிக்கொண்டு, போத்தலைத் தட்டினால் துள்ளிக் கீழே போய்த் திரும்ப மேலே வந்தால் அது நுளம்புப் புழு. மூச்சுவிட அது மேலே வந்தே ஆகவேண்டும். உடனே அழியுங்கள், தயங்க வேண்டாம். சிவப்பாக அடியிலேயே நெளிந்தால் அது கைரோனமிட். அது வளர்ந்து பறக்கும்போது பார்வைக்கு நுளம்புபோல இருக்கும், ஆனால் கடிக்காது, டெங்குவைப் பரப்பாது. தாங்கியின் அடியில் சேறு படிந்துவிட்டது என்பதற்கு அது ஒரு அறிகுறி. தாங்கியைத் தேய்த்துக் கழுவி வலை போட்டு மூடினால் போதும். மண்ணெண்ணெய் நீரின் மேலே மிதப்பது. அடியில் வாழும் புழுவை அது விரட்டாது, நீர்தான் பாழாகும்.

ஹவுழில் மீன் விட்ட பெரியவர்கள் காரணத்தோடுதான் விட்டார்கள். மீன்கள் இந்தப் புழுவையும் தின்னும், நுளம்புப் புழுவையும் தின்னும். குளங்களுக்கும் இதே கதைதான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மழைநீர் குளத்தில் தங்கி ஊறித்தான் கிணற்றுக்கு வரும். புழுவைக் கண்டு குளத்தில் ஊற்றுவது நாளை எங்கள் குடத்துக்கே திரும்பி வரும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை எங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதே பூச்சி வீட்டுத் தாங்கியில் நெளிந்தால் அடையாளம் தெரியாமல் அலறுகிறார்கள். இந்தப் பிழையில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

பெற்றோரிடமும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். எதையும் ஊற்றுமுன் ஒரு போத்தல் நீரை எடுத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.