கப்பலில் போனவர்களே, எந்தக் கரையைக் கண்டீர்கள்?

அண்மைக் காலமாக எமது சஞ்சிகைகளில் எதைப் புரட்டினாலும் ஒரு பயணக் கட்டுரை கண்ணில் படாமல் போவதில்லை. அதிலும் உல்லாசக் கப்பற் பயணம் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. துபாயில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்குகிறார்கள். அல்லது சிங்கப்பூரில் ஏறி ஹொங்கொங்கில் இறங்குகிறார்கள். பதினைந்து இருபது நாட்களில் எட்டு நகரங்கள். திரும்பி வந்ததும் மூன்று இதழ்களில் தொடர், பின்னர் நூல், பின்னர் வெளியீட்டு விழா, பொன்னாடை. ஆசியாவின் கரையோர நகரங்களையெல்லாம் நேரில் கண்டு எழுதியவர் என்று தலைமையுரை ஆற்றுபவர் புகழ்கிறார். நாமும் கை தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறோம்.

இவர்கள் கண்டது கரையை அல்ல என்பதே எனது வாதம். சொல்வதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் போகக் கிடைக்கவில்லை, அந்தப் பொறாமையில் எழுதுகிறார் என்று யாரும் சொல்ல வேண்டாம். நானும் போனவன்தான்.

2023ஆம் ஆண்டின் கடைசியில் போனேன். வளைகுடாவில் இருபத்தைந்து வருடம் உழைத்த எனது மனைவியின் காக்கா, "மச்சான், நீங்க வகுப்பில பூமிசாத்திரம் படிப்பிக்கிற ஆள், ஒருக்காக் கண்ணால பாருங்க" என்று சொல்லி இரண்டு பேருக்கும் பணம் கட்டிவிட்டார். வலயக் கல்வி அலுவலகத்தில் வெளிநாட்டு லீவுக்கு விண்ணப்பித்து, விசாக்களுக்கு அலைந்து, துபாயில் ஏறினேன். மஸ்கட், மும்பாய், கொச்சி, கொழும்பு, புக்கெட், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்பது பாதை. பயணக் கட்டுரை எழுதும் ஆசை எனக்கும் இருந்தது. அதற்கென்றே எண்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கொண்டு போனேன்.

ஊர் திரும்பிக் கொப்பியை விரித்தபோது வெட்கமாக இருந்தது. காலை 7 மணிக்குத் துறைமுகம், மாலை 5.30க்கு அனைவரும் கப்பலில். கட்டிடத்தின் பெயர், கட்டிய ஆண்டு, சாப்பாட்டு வகைகள், சூரிய அஸ்தமனம். ஒவ்வொரு நகரத்துக்கும் இதே வரிசை. நகரத்தின் பெயர்களை இடம் மாற்றிப் போட்டாலும் எவருக்கும் தெரியவராது. எமது சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவையும் எனது கொப்பிதான்; மொழி மட்டும் சற்று அலங்காரம்.

இது எழுதுபவரின் திறமைக் குறைவு மட்டுமல்ல. கப்பலின் ஏற்பாடே அப்படித்தான். பத்து மணி நேரத்துக்கு மேல் ஒரு துறையில் அது அனேகமாக நிற்பதில்லை. இரவில் ஓடுகிறது, பகலில் நிற்கிறது. இறங்கியதும் பஸ் தயார், வழிகாட்டி தயார், நிறுத்த வேண்டிய கடையும் தயார்.

"இப்னு பதூதாவும் ஊர் சுற்றியவர்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆம், சுற்றியவர்தான். ஆனால் மாலைதீவில் அவர் காழியாக இருந்தார், பெண் எடுத்தார், அங்குள்ளவர்களோடு பிணக்குப்பட்டார். அதன் பின்னரே 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கம் கரையேறி, பாவா ஆதம் மலைக்கு நடந்து ஏறி, தெவிநுவர, காலி, கொழும்பு என்று சுற்றினார். அந்தக் காலத்து மாலுமிக்குக் காற்றுத்தான் கடிகாரம். சோளகத்தில் வந்தவன் வாடை எழும்வரை காத்திருக்க வேண்டும். மாதக் கணக்கில் காத்திருந்தவனுக்குத் தொழப் பள்ளி தேவைப்பட்டது, அடங்க மையவாடி தேவைப்பட்டது, பேச மொழி தேவைப்பட்டது. பேருவளையும் காலியும் பினாங்கும் நமக்கு ஊரானது இந்தக் காத்திருப்பினால்தான். காற்றுக்குக் காத்திருந்தவன் ஊரை உண்டாக்கினான். மணிக்கூட்டைப் பார்த்து இறங்குகிறவன் படம் எடுத்துக்கொண்டு போகிறான்.

கொழும்பில் எனக்கு நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். சொந்த நாட்டின் துறைமுகத்தில் கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நின்று இறங்கினேன். எமக்குத் தந்த தாளில் யானை, தேயிலை, கங்காராமை, மாணிக்கக் கடை இருந்தன. புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிக்குப் பஸ்ஸிலிருந்து படம் எடுக்க ஐந்து நிமிடம். 1909இல் கட்டி முடித்த அந்தப் பள்ளியில் நான் எத்தனை ஜும்ஆத் தொழுதிருப்பேன்! நாங்கள் இருவரும் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தோம். நடைபாதைக் கடைப் பொடியன் ஒருவன் "ஹலோ சேர், ஜெம்? டீ?" என்றான். "தம்பி, நாங்க அம்பாறைப் பக்கம்" என்றேன். அவன் சிரித்தான். "கழுத்தில அட்டையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா நாங்க என்னெண்டு நினைக்கிற, காக்கா?"

அவன் சொன்னது சரிதான். உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கொழும்புக்கு வந்திட்டு ஊட்ட வராமயா போற, மகன்?" என்று கேட்டார். கிழக்குக்குப் பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். கப்பலுக்கு ஐந்தரை மணி. நான் என்ன சொல்வது?

மீதி நேரத்தில் தேசிய நூதனசாலைக்குப் போனோம். அங்கே காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை கூறுகிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனத் தளபதி செங் ஹே அதைக் கப்பலில் ஏற்றி வந்தார். இலங்கைத் துறையில் இறங்க வேண்டுமானால் தமிழும் பாரசீகமும் வேண்டும் என்று அறுநூறு வருடங்களுக்கு முன் ஒரு சீனப் பேரரசு அறிந்திருந்தது. நான் போன கப்பல் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று மூன்று தமிழ் பேசும் துறைகளைத் தொட்டது. சிங்கப்பூரில் தமிழ் அரச கரும மொழி. எனினும் அறைக் கதவில் செருகிய தினசரித் தாள் ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் மட்டுமே இருந்தது. எமது பயண எழுத்தாளர்கள் இதை ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா?

கொழும்பை விட்டால் புக்கெட் வரை இரண்டு முழு நாட்கள் கரையே இல்லை. இரண்டாம் இரவு சுமாத்திராவின் வட முனைக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையிலான கடலில் போய்க்கொண்டிருந்தோம். மேல் தளத்தில் பாட்டும் ஆட்டமும். 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பக்கத்துக் கடலடியிலிருந்து எழுந்த அலை சுமார் இரண்டு மணி நேரத்தில் எமது கிழக்குக் கரைக்கு வந்தது. அப்போது நான் நியமனம் கிடைத்த புதிது. ஜனவரியில் பாடசாலை திறந்தபோது எனது வகுப்பு இடாப்பில் ஏழு பெயர்களுக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுத்தேன். அன்றிரவு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். ஆறுதான் வந்தது. ஏழாவது பெயர் விடியும் வரை வரவில்லை. அந்தக் கடலில் ஆடுகிறவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பிறந்த ஒருவர் அதே கடலைப் பற்றி 'நீலப் பட்டு விரித்தாற்போல்' என்று எழுதுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொப்பியில் மனிதக் குரல் இரண்டே இரண்டு இடத்தில் இருந்தது.

முதலாமவர் எங்கள் அறையைத் துப்புரவு செய்த இந்தோனேசியச் சகோதரர். நாங்கள் தொழுவதைப் பார்த்துச் சலாம் சொன்னார். ஒன்பது மாத ஒப்பந்தம், வாரத்தில் விடுமுறை நாள் இல்லை. 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே 24 மணி நேரத்தில் 14 மணி நேரம், ஏழு நாளில் 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. கப்பலின் கொடியோ பஹாமாஸ் நாட்டுக் கொடி. "கொழும்பு எப்படி?" என்று கேட்டேன். "ஆறு தடவை வந்திருக்கிறேன். இறங்கியதில்லை" என்றார். கப்பல் கரையில் நிற்கும் நேரந்தான் அறைகளைச் சுத்தம் செய்யும் நேரம். எட்டு நகரங்களைச் சுற்றிய எங்கள் பயணக் கட்டுரையாளர்களின் படுக்கை விரிப்பை மாற்றியவர் ஒரு நகரத்தையும் காணவில்லை. இதுவல்லவா கப்பலின் கதை?

இரண்டாமவர் பினாங்கில் கிடைத்தார். காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் மொஹிதீன் ஏற்படுத்தியது. அருகே சூலியா வீதி. சூலியா என்பது நாங்கள்தான். வழிகாட்டி 'இந்தியப் பள்ளி' என்று சொல்லிப் பத்து நிமிடம் தந்தார். நாங்கள் ளுஹர் தொழப் போய்விட்டோம். தொழுகை முடிந்ததும் ஒரு முதியவர் பக்கத்தில் வந்து, "எந்த ஊரு, தம்பி?" என்று கேட்டார். அவருடைய பாட்டனார் கடையநல்லூரிலிருந்து கப்பலேறியவராம். கொழும்பில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் பினாங்கு வந்தாராம். கொழும்பில் எங்கே, யாரிடம், என்ன தொழில்? நான் கேட்க வாயெடுத்தேன். மச்சான் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அவசரமா? சரி, நாளைக்கு வாங்க. எல்லாம் சொல்றேன்" என்றார் பெரியவர். எங்களுக்கு அங்கே நாளை இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். அந்தப் பொய் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

ஒரு காலத்தில் இந்தத் துறைகள் ஒன்றையொன்று அறிந்திருந்தன. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். 1883இல் எகிப்தின் அறாபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் கொழும்பு வந்தார். இரண்டு வருடத்தில் எகிப்தைக் களமாக்கி அசன்பே சரித்திரம் வெளியானது. 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு சிங்கை நேசனை நடத்தினார். நமது நாவலும் பத்திரிகையும் துறைமுகத்தில் பிறந்த பிள்ளைகள். அவர்களுக்குக் கப்பல் செய்தி கொண்டு வந்தது. நமக்குப் புகைப்படம் கொண்டு வருகிறது.

இன்னுமொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் மிதந்த அதே அந்தமான் கடலில் 2015 மே மாதம் ஆயிரக்கணக்கான ரோஹிங்கியர்கள் உணவும் நீருமின்றி மிதந்தார்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூன்றின் கடற்படைகளும் படகுகளைத் திருப்பித் தள்ளின. ஆச்சே மீனவர்களே முதலில் அவர்களைக் கரை சேர்த்தார்கள். 2020 பெப்ரவரியில் கொரோனாப் பயத்தால் வெஸ்டர்டாம் என்ற உல்லாசக் கப்பலைப் பல ஆசியத் துறைகள் ஏற்க மறுத்து, கடைசியில் கம்போடியா ஏற்றது. அந்த இரண்டு வாரத்தை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியர்களோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கடலில் வந்து நின்றது. அவர்களுக்கு உணவு கொடுத்தவர்கள் கரையோரத்து ஏழைகள். இதை எழுதத்தான் நமது சஞ்சிகைகளில் பக்கம் இல்லை. விருந்து மேசையில் செதுக்கி வைத்த பனிக்கட்டி அன்னத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்தவர் தன் காசில் ஓய்வெடுக்கட்டும், அது ஹலாலான ஆசை. ஓய்வை இலக்கியம் என்று நீட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு துறையில் ஒரு மாதம் இருக்க வசதியுள்ளவர் இருந்து எழுதட்டும். வசதியில்லாதவர் சொந்தக் கரையிலிருந்து எழுதட்டும். பாய்க் கப்பலில் போன கடைசி மனிதர்களின் பிள்ளைகள் இன்னும் நமது ஊர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போக விசா வேண்டியதில்லை.

ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த ஊர் மனிதர் ஒருவராவது வாய் திறந்து பேசாத பயணக் கட்டுரையை எழுதியவருக்கே திருப்பி அனுப்புங்கள். எனது கொப்பி அந்தப் பரீட்சையில் தேறாது என்பதால் நானே அதை அனுப்பவில்லை. அடுத்த லீவுக்குப் பினாங்குக்குப் போவதற்கு மாதம் கொஞ்சமாகச் சேர்த்து வருகிறேன். அந்தப் பெரியவர் ஹயாத்தோடு இருக்கிறாரோ, அல்லாஹ்தான் அறிவான்.

மறுப்புள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். நானும் பதில் எழுதுவேன்.