முஸல்லாவை நனைத்த பூனையைச் சாக்கில் கட்டுவதற்கு முன்



பூனை வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு பேச்சு உண்டு. "இது வீடெல்லாம் அசிங்கம் பண்ணுது, எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வாங்க." எங்கே விடுவது? சந்தைக்குப் பக்கத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், இல்லாவிட்டால் பசறை வீதியில் ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில். உரப்பையில் போட்டு, வாயைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் கொண்டு போய் அவிழ்த்து விட்டு வருவார்கள். நாங்கள் பார்த்த வரையில், அப்படிப் போகிற பூனை வீட்டிலேயே ஆகப் பயந்த பூனையாகத்தான் இருக்கும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். மணல் தட்டை விட்டு வேறு இடத்தில் சிறுநீர் கழிக்கிற பூனை கெட்ட பூனையும் அல்ல, நம்மைப் பழிவாங்குகிற பூனையும் அல்ல. ஒன்றில் அதற்கு நோய் இருக்கிறது, அல்லது அந்தத் தட்டுக்குப் போகிற வழி அதற்கு அடைபட்டுப் போயிருக்கிறது. நோயென்றால் வைத்தியம் பார்க்க வேண்டியதும், வழியென்றால் திறந்து விட வேண்டியதும் நமது பொறுப்பு. அதைச் செய்யாமல் சாக்கைத் தேடுவது அநியாயம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்த பாடம் ஒன்று. பிள்ளை என்ன செய்தது என்று மட்டும் பார்க்காதே, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார். பாடசாலைக்கு வந்த பிறகு அதன் அர்த்தம் நன்றாக விளங்கியது. காலையில் இருந்து பாடசாலை விடும் வரை மலசலகூடத்துக்கே போகாமல் அடக்கிக்கொண்டு இருக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். இடைவேளையில் போய் நின்று பார்த்தால் தெரியும்: வாசலில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். யாரையும் அடிக்க மாட்டார்கள், ஏச மாட்டார்கள். சும்மா நிற்பார்கள். அந்த நிற்பே போதும். பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை உடுப்பை நனைத்துக்கொண்டால், குற்றம் அந்தப் பிள்ளையுடையதா?

நான்கைந்து பூனைகள் இருக்கிற வீட்டில் நடப்பதும் இதேதான்.

எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். நான்காவது, மழைக்காலத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இருந்து வந்து சேர்ந்தது. கதவு அடிபட்டாலும் அலுமாரிக்கு அடியில் ஓடும். வந்த இரண்டாம் கிழமையில் முஸல்லாவை நனைத்தது, பிறகு படுக்கை விரிப்பை. சொந்தக்காரர்கள் வழக்கமான ஆலோசனையைத்தான் சொன்னார்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். ஹோலில் இருந்து குசினிக்குப் போகிற ஒடுக்கமான இடத்தில் மூத்த கடுவன் படுத்திருக்கிறது. மணல் தட்டு இருப்பது அதற்கு அப்பால். சண்டை இல்லை, சத்தம் இல்லை. புதுப் பூனை எட்டிப் பார்க்கிறது, கடுவன் கண்ணை எடுக்காமல் பார்க்கிறது, இது திரும்பிப் போகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று தரம். கடைசியில் அது தெரிவு செய்த இடம்தான் முஸல்லா வைக்கிற மூலை. மெத்தென்று இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது, முதுகுக்குப் பின்னால் சுவர், இரண்டு வாசலையும் பார்க்கலாம். பயந்த ஒரு பிராணிக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த வீட்டில் இல்லை.

பூனையின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தனியாக வேட்டையாடி, மணலைத் தோண்டிக் கழித்து, மூடிவிட்டுப் போகிற இனம் அது. நாயைப் போலக் கூட்டமாக வேட்டையாடிப் பழகியதல்ல. சிறுநீர் கழிக்கிற நேரம் அதற்கு ஓட முடியாத நேரம். பின்னால் யாராவது பாய்வார்கள் என்று ஒரு தரம் தோன்றினாலும் போதும், அந்த இடத்தை அது கைவிட்டு விடும்.

அதனால் என்ன செய்யலாம்? வாசித்ததையும் செய்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் மிருக வைத்தியர். இது பயமா, நோயா என்று நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. சிறுநீர்ப்பை அழற்சி, கல், சிறுநீரக நோய், நீரிழிவு, வயதான பூனையின் மூட்டுவலி, எல்லாமே பூனையைத் தட்டை விட்டு விலக்கும். மன அழுத்தமே சிறுநீர்ப்பையைப் புண்ணாக்குகிற ஒரு நிலையும் பூனைகளில் உண்டு. ஆகவே பயமும் நோயும் சில நேரம் ஒன்றையொன்று வளர்க்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

இரண்டாவது, எண்ணிக்கையும் இடமும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை தட்டுகள் வைக்க வேண்டும் என்பது மிருக வைத்தியர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2014இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. ஆனால் எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். ஐந்து தட்டுகளை ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுத்தான். ஒரு கடுவன் உட்கார்ந்தால் ஐந்தும் அடைபடும். வேறு வேறு அறைகளில், இரண்டு பக்கமும் தப்பிப் போக வழியுள்ள இடங்களில் வையுங்கள். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம். அதிர்ந்து சத்தம் போடுகிற சலவை இயந்திரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

மூன்றாவது, தட்டு. பெரிதாக இருக்க வேண்டும். மூக்கில் இருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது கணக்கு. கடையில் விற்கிற சின்னத் தட்டுகள் பலவற்றைவிட நம் பெரிய பிளாஸ்டிக் பேசின் நல்லது. ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து விட்டால் போதும். எல்லாப் பூனையும் மூடியுள்ள பெட்டியை வெறுப்பதில்லை. ஆனால் மற்றப் பூனைக்குப் பயந்த பூனைக்கு ஒரே வாசலுள்ள பெட்டி பொறி மாதிரி. மூடியைக் கழற்றி விடுங்கள். வாசனை சேர்த்த மணல் நம் மூக்குக்குத்தான், பூனைக்கு அல்ல. நாளுக்கு ஒரு தரமாவது அள்ளுங்கள்.

மணலுக்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். பூனை மணல் என்று பையில் அடைத்து விற்கிற வியாபாரமே 1947இல்தான் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவரோடு தொடங்கியது. அதற்கு முன் அங்கேயும் மணலும் சாம்பலும்தான். அரித்து வெயிலில் காயவைத்த மெல்லிய மணல் நம் பூனைக்குத் தாராளமாகப் போதும். மர ஆலைத் தூளுக்குப் பழகிய பூனைகளும் உண்டு. எதுவானாலும் திடீரென்று மாற்றாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

நான்காவது, பயந்த பூனைக்கு ஒரு தனி இடம். முடியுமானால் ஓர் அறை, முடியாவிட்டால் திரை போட்டு மறைத்த ஒரு மூலை. சாப்பாடு, தண்ணீர், தட்டு, ஒளிந்துகொள்ள ஒரு கடதாசிப் பெட்டி. சில நாட்கள் அங்கேயே இருக்கட்டும். பிறகு மூடிய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். மற்றப் பூனையின் மணம் வருகிற நேரம் நல்லது நடக்கிறது என்று இரண்டும் பழகட்டும். அதற்குப் பிறகுதான் கதவைக் கொஞ்சம் திறப்பது. இதற்குக் கிழமைகள் செல்லும். எங்கள் வீட்டில் நான்கு பூனைக்கு நான்கு தட்டுகள்தான் வைக்க முடிந்தது. அதில் ஒன்றை அலுமாரிப் பக்கமே வைத்தோம். ஏறக்குறைய மூன்று கிழமையில் முஸல்லா தப்பியது. இடி முழங்குகிற நாட்களில் மட்டும் இன்னும் கவனம் தேவை.

ஐந்தாவது, அடிக்க வேண்டாம். சிறுநீரில் மூக்கைத் தேய்க்க வேண்டாம். அது பூனைக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த வீட்டில் பயப்பட இன்னும் ஒரு ஆள் இருக்கிறது. அடுத்த தரம் நமக்குத் தெரியாத மூலையில் போகும், அவ்வளவுதான்.

நின்றபடி வாலைத் தூக்கிச் சுவரில் பீச்சுகிற பூனையின் விஷயம் வேறு. அது எல்லை குறிப்பது. பெரும்பாலான கடுவன்களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை அதைக் குறைத்து விடும். வீட்டுக்குள் முறுகலும் குறையும்.

இனி, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிற காரணத்துக்கு வருவோம். "தொழுகிற வீடு, நஜீஸ் ஆகுது." உண்மை, பூனையின் சிறுநீர் நஜீஸ்தான். பட்ட இடத்தைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவினால் சுத்தமாகிற ஒன்றுக்காக ஓர் உயிரைத் தெருவில் விடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. அபூ கதாதா (ரழி) உளூ செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்ததும், பூனை நஜீஸான பிராணி அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அவர் எடுத்துச் சொன்னதும் அபூ தாவூத், திர்மிதி கிரந்தங்களில் இருக்கின்றன. ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் தீனி போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஜும்ஆவில் பலமுறை கேட்ட செய்திதான். வீட்டுச் சாப்பாட்டுக்கே பழகிய, சத்தத்துக்கே நடுங்குகிற பூனையைத் தோட்டத்து வளைவில் இறக்கி விடுவது அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று நாமே யோசித்துப் பார்ப்போம்.

கழுவுகிற விதத்திலும் கவனம் தேவை. முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், மணம் போக வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் மாதிரியே மணப்பதால் பூனையைத் திரும்பவும் அதே இடத்துக்கு அழைக்கும். பினோல் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு.

வீட்டில் கர்ப்பிணி இருந்தாலும் பூனையைத்தான் முதலில் வெளியேற்றுகிறார்கள். டொக்ஸோபிளாஸ்மா கிருமி உண்மையான ஆபத்துத்தான். ஆனால் பூனையின் மலத்தில் வெளியாகிற அந்தக் கிருமி தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது செல்லும். தினமும் வேறொருவர் தட்டைச் சுத்தம் செய்தால், பச்சை இறைச்சி கொடுக்காமல் இருந்தால், கையைக் கழுவினால், பூனை வீட்டிலேயே இருக்கலாம்.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு. "டீச்சர், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஆறு பேர் இருக்கோம், ஐந்து தட்டை எங்க வைக்கிறது?" சரியான கேள்வி. லயத்துப் பூனைக்குப் பெரும்பாலும் வெளியே மரக்கறிப் பாத்தியும் கான் ஓரமும்தான் இடம். அது திடீரென்று உள்ளே நனைத்தால், வெளியே என்ன மாறியது என்று பாருங்கள். பக்கத்துக் காம்பராவில் புது நாய் வந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்தி சேறாகி இருக்கும். தீபாவளி வெடி தொடங்கி இருக்கும். இஸ்தோப்பில் தாவாரத்துக்குக் கீழே, மழை படாத பக்கம், மணல் போட்ட ஒரு பழைய பேசின் பல நேரம் போதும். இடம் இல்லாத வீட்டுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது: அடுத்த குட்டி பிறக்காமல் கருத்தடை செய்து விடுவது. ஐந்தாவது பூனையை இரக்கப்பட்டு எடுத்து, முதல் நான்கின் நிம்மதியைக் கெடுப்பது இரக்கம் ஆகாது.

பயந்த பூனைக்குத் தைரியம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கடுவன் படுக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பேசின் மணல் வைத்தால், பயந்தபடியே அது ஒழுங்காகப் போய்விட்டு வரும். பாடசாலையிலும் இதுதான். பயந்த பிள்ளைக்கு அறிவுரை சொல்வதைவிட, இடைவேளையில் ஓர் ஆசிரியர் போய் அந்த வாசலில் நின்றால் காரியம் முடிந்தது.

இந்தக் கிழமை உங்கள் வீட்டில் பூனை எதையாவது நனைத்திருந்தால், ஒரு மணித்தியாலம் சத்தம் போடாமல் உட்கார்ந்து, வழியில் யார் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். பார்த்ததைக் கீழே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம். வாயற்ற ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ் நம் எல்லோருக்கும் பொறுமையைத் தருவானாக.