வசையா, வாக்குறுதியா?

தேர்தல் வந்துவிட்டால் கண்டி–குருநாகல் வீதியிலுள்ள கலகெதரச் சுவர்களும் வாய் திறந்துவிடுகின்றன. ஒரு சுவரொட்டி எதிரியை ஏசுகிறது. மற்றொன்று வரப்போகும் பொற்காலத்தைக் காட்டுகிறது. வசைப் பிரசாரம் தீது, ஆக்கப் பிரசாரம் நன்று என்று தீர்ப்புக் கூறும் அறிஞர் பலர். இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. இந்நாட்டின் வரலாறும் ஏற்கவில்லை.

1956ஆம் ஆண்டை நோக்குங்கள். சேர் ஜோன் கொத்தலாவலையின் ஐக்கிய தேசியக் கட்சியைப் புத்தரை எதிர்த்த மாரனின் படையாகத் தீட்டினர் எதிரணியினர். அது வசை. "இருபத்துநான்கு மணி நேரத்தில் சிங்களம் மட்டும்" என்றார் பண்டாரநாயக்கா. அது வாக்குறுதி! வசை சேர் ஜோனின் தோல்வியோடு ஓய்ந்தது. வாக்குறுதியோ அவ்வாண்டிலேயே 33ஆம் இலக்கச் சட்டமாகித் தமிழ் உத்தியோகத்தரின் பிழைப்பிலும், கச்சேரிப் படியேறிய தமிழ்க் கமக்காரரின் விண்ணப்பத்திலும் கை வைத்தது. இரண்டில் எது கொடிது?

குறை கூறுவது குற்றமன்று. ஆள்வோரின் ஊழலை எடுத்துரைக்காத எதிர்க்கட்சி எதற்கு? அடி யார் மீது விழுகிறது என்பதே கேள்வி. 1957இல் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார், இம்புல்கொடையில் மறிக்கப்பட்டார். மறு ஆண்டே ஒப்பந்தம் கிழிந்தது. 1966இல் தமிழ் மொழி விதிகளை எதிர்த்த அணியினர், டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று கூவினர். குறி பண்டாரநாயக்காவுக்கும் டட்லி சேனநாயக்காவுக்கும்; அடி தமிழனுக்கு! கூவிய கட்சிகள் மாறின. அடிபட்ட முதுகு மாறவில்லை.

மலையகத்தின் கதை இன்னும் கொடிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பலரை நாடற்றவராக்கியது. வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனை ஏசினால் வேட்பாளனுக்கு என்ன நட்டம்? அந்த வாக்கு இன்று மீண்டிருக்கிறது. அதன் விலையை அறிவோமாக.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தற் செலவுக்கு வரம்பு கட்டியது. நன்று. சுவரொட்டிக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அச்சட்டம் கேட்கும். அதன் விளைவை யார் சுமப்பார் என்று கேளாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.

வழக்கறிஞர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே, கமக்காரப் பெருமக்களே! ஒருவர் ஏசினால், ஆதாரம் எங்கே என்று கேளுங்கள். வாக்குறுதி தந்தால், பணம் எங்கிருந்து வரும், எந்நாளில் நிறைவேறும், யாருடைய பங்கைப் பறித்து நமக்குத் தருவீர் என்று கேளுங்கள். சிங்கள, முஸ்லிம் அயலவரை இழித்துத் தமிழ் வாக்குத் தேடுவோரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி இல்லை. விடை தராதவர் எத்துணை இனிமையாகப் பேசினும் அவருக்கு நம் வாக்கு இல்லை!