பந்து நம் கையில்; பொழுது யார் கையில்?

வீரபாண்டியில் ஒரு மாலைப்பொழுது. முல்லைப் பெரியாற்றங்கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பொட்டல். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒட்டுப்போட்ட வலை. சுண்ணாம்பு வாங்கக் காசில்லாமல் சாம்பலைத் தூவிப் போட்ட கோடு. வாழைத்தார் சுமந்து வந்தவர்களும், களையெடுப்பும் மருந்தடிப்பும் முடித்து வந்தவர்களும், பஞ்சாலையில் பகல் ஷிப்டு முடித்து வந்தவர்களும் கைப்பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் ஊரே நிற்கிறது. கடைசி ஆட்டம். இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. யாருக்கும் மூச்சு விட நேரமில்லை.

அப்போது ரோட்டில் மில் வேன் ஹாரன் அடிக்கிறது.

பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர் தம்பிக்கு இரவு ஷிப்டு. "ரெண்டே பாயிண்டுதாண்ணே, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்று கெஞ்சுகிறான். வேன் நிற்குமா? ஒரு நாள் சம்பளம் போய்விடும். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுகிறான். ஆட்டம் கலைகிறது. ஊர் கலைகிறது.

தோழர்களே! இந்தியாவின் கைப்பந்து ஏன் உலகத்தின் உச்சிக்குப் போகவில்லை என்று பெரிய மனிதர்கள் நகரத்து மண்டபங்களில் கூடி ஆராய்கிறார்கள். "நம் பையன்களுக்கு உயரம் போதாது" என்கிறார் ஒருவர். "கட்டுப்பாடு போதாது" என்கிறார் இன்னொருவர். "பணக்காரர்கள் வந்து லீக் நடத்தினால் சரியாகிவிடும்" என்கிறார் மூன்றாமவர். நாம் சொல்கிறோம்: ஆராய்ச்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீரபாண்டிப் பொட்டலுக்கு வாருங்கள். அந்த ஹாரன் சத்தத்தைக் கேளுங்கள்!

யாருக்காகப் பிறந்த ஆட்டம்?

பெரியாறு அணை திறக்கப்பட்ட ஆண்டு 1895. நம் பள்ளத்தாக்கில் அது குழந்தைக்கும் தெரியும். கைப்பந்து பிறந்ததும் அதே 1895-ம் ஆண்டுதான். பிறந்த இடம் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊர். அதுவும் ஆற்றை மறித்து அணை கட்டி, கால்வாய் வெட்டி, அந்த நீரின் விசையால் காகித ஆலைகளும் நெசவாலைகளும் ஓடிய ஊர்.

ஆனால் அந்த ஆலைத் தொழிலாளிக்காகவா ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள்? இல்லை. அங்கே வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் உடற்பயிற்சி நடத்திவந்த வில்லியம் மார்கன், மாலையில் சங்கத்துக்கு வரும் நடுவயது வியாபாரிகளுக்காக இதை வகுத்தார். கூடைப்பந்து அவர்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வைத்தது. மேலே மோதாமல் ஆட ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது.

ஆட்டம் பிறந்தது வியாபாரிகளுக்காக. ஆனால் அது அவர்கள் கையில் நின்றதா? உலகத்தைச் சுற்றி உழைப்பவன் கைக்கு வந்து சேர்ந்தது. ஏன்? ஒரு பந்து, ஒரு வலை, பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் உள்ள தரை, இவ்வளவே போதும். மட்டை வேண்டாம், பூட்ஸ்கூட வேண்டாம். இருநூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள ஒரு பந்தை வாங்கிவிட்டால் பன்னிரண்டு பேர் ஆடலாம். இதைவிட மலிவான ஆட்டம் ஏது? அதனால்தான் கிரிக்கெட் மட்டை எட்டாத ஊரிலும் கைப்பந்து வலை தொங்குகிறது.

உயரம் குறைவா, பொழுது குறைவா?

"உயரம் போதாது" என்கிறவர்களுக்குச் சரித்திரம் பதில் சொல்லட்டும்.

1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. 1962-ல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றது. அர்ஜுனா விருது முதன்முதலாக வழங்கப்பட்ட 1961-லேயே கைப்பந்துக்காக ஏ. பழனிசாமி அதைப் பெற்றார். 1986-ல் சியோலில் மீண்டும் வெண்கலம். 2003-ல் 19 வயதுக்குட்பட்டோரின் உலகப் போட்டியில் நம் பையன்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். ஆசியாவில் அல்ல, உலகத்தில் இரண்டாம் இடம்! 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தென்கொரியாவையே மூன்றுக்கு இரண்டு என்று சாய்த்தார்கள். ஆனாலும் பதக்கம் இல்லாமல் ஆறாம் இடத்தோடு திரும்பினார்கள்.

கைப்பந்து 1964-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்திய அணி ஒரு முறைகூட அந்தத் தரையை மிதித்ததில்லை.

கேட்கிறோம்: பதினெட்டு வயதில் உலகத்தோடு சரிசமமாக நிற்கிற பையன் இருபத்தைந்து வயதில் எங்கே போகிறான்? வேலைக்குப் போகிறான் ஐயா, வேலைக்கு! வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. யாருக்கு ரயில்வேயிலோ போலீசிலோ பொதுத்துறை வங்கியிலோ வேலை கிடைத்ததோ, அவன் ஆட்டம் தொடர்ந்தது. கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் கேரளப் போலீசில் இருந்தவர். அங்கிருந்து இத்தாலி போய் ஐரோப்பியரே வியக்க ஆடினார். வேலை கிடைக்காதவனின் ஆட்டம் பொட்டலோடு முடிந்தது. இன்று நிரந்தர வேலைகளையெல்லாம் காண்ட்ராக்ட் வேலையாக மாற்றிக்கொண்டே "ஆட்டக்காரர்கள் எங்கே?" என்று கேட்பது, விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிட்டு நாற்று எங்கே என்று தேடுவது போல.

ஓர் ஆலையின் கதை

1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கைப்பந்தில் தங்கம் வென்ற ஜப்பான் அணியைப் பற்றி ஆலைத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அணியில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலையைச் சேர்ந்த பெண்கள்! நிச்சிபோ கம்பெனியின் கைசுகா ஆலை. பயிற்சியாளர் தைமாட்சுவும் அந்தக் கம்பெனி ஊழியரே. 1962-ல் மாஸ்கோவில் சோவியத் அணியை வென்று உலகப் பட்டம் பெற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஒலிம்பிக் இறுதியில் அதே சோவியத் அணியை நேர் ஆட்டங்களில் வென்றார்கள். எதிரிகளைவிட உயரம் குறைந்தவர்கள். ஆனால் தரையில் விழுந்து உருண்டு பந்தை எடுத்து, உருண்ட வேகத்திலேயே எழுந்து நின்றார்கள். உலகம் வாய் பிளந்தது.

உயரம் பேசுகிறவர்கள் இத்துடன் வாயை மூடலாம். ஆனால் நாம் கதையின் மறுபாதியையும் சொல்வோம். அந்தப் பெண்கள் பகலில் கம்பெனி வேலை பார்த்தார்கள். மாலை தொடங்கி நள்ளிரவு வரை பயிற்சி எடுத்தார்கள். காயத்தோடும் ஆடினார்கள். கிடைத்த புகழில் கம்பெனிப் பெயரும் சேர்ந்து மின்னியது.

நாம் கேட்பது அதையா? இல்லை! தொழிலாளியின் தூக்கத்தைத் திருடிப் பதக்கமாக உருக்கும் வித்தை நமக்கு வேண்டாம். தமிழ்நாட்டு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் அடைத்து வைத்து, வெளியே கடைக்குப் போகவும் அனுமதி கேட்க வைத்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அங்கே ஒரு பந்தைக் கொடுத்துப் பெருமை பேச நினைக்கும் முதலாளிக்குச் சொல்கிறோம்: முதலில் கதவைத் திறவுங்கள், பிறகு பந்தைக் கொடுங்கள்.

நம் கோரிக்கை பழையது. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்கே நமக்கு என்ற கோரிக்கைதான். 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி வேலைக்காக ரத்தம் சிந்தினார்களே, கைப்பந்து அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு வெறும் பந்தைக் கொடுத்தால் என்ன பயன்?

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குக் கேன்டீன் வேண்டும் என்று எழுதினார்கள். 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறை வேண்டும் என்று எழுதினார்கள். அதுவும் போராடிப் பெற்றதே. ஆனால் விளையாட மைதானம் வேண்டும் என்று எழுதினார்களா? தொழிலாளிக்கு வயிறு உண்டு, முதுகு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், அவனுக்கு ஆடத் துடிக்கும் கையும் காலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

விசில் யாருடையது?

உச்சிக்குப் போக ஆட்டக்காரன் மட்டும் போதாது. சொல்லிக் கொடுக்கிறவர் வேண்டும்; தீர்ப்புச் சொல்கிறவர் வேண்டும்.

பயிற்சியாளர் ஆவதற்கு 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிலையம் தொடங்கினார்கள். நல்ல காரியம். நம் தமிழ்நாட்டு ஜி. இ. ஸ்ரீதரன் ஆட்டத்துக்கு அர்ஜுனாவும் பயிற்சிக்குத் துரோணாச்சாரியாரும் பெற்றவர். ஆட்டக்காரர் ஆசானாக உயர முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் வீரபாண்டியிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளியின் மகன் மாதக்கணக்கில் பஞ்சாபுக்குப் போய்த் தங்கிப் படிக்க முடியுமா? அதுவரை வீட்டுக்கு யார் கூலி கொண்டுவருவார்கள்?

நடுவர் விஷயமும் அப்படியே. வலைக் கம்பத்தருகே உயரத்தில் நிற்கும் முதல் நடுவர், எதிர்ப்புறம் தரையில் இரண்டாம் நடுவர், கோட்டு நடுவர்கள், புள்ளி எழுதுகிறவர் என்று ஒரு தனிப் படையே உண்டு. பெரிய போட்டிகளில் காமிராவும் சாட்சி சொல்கிறது. விதிகளும் மாறிவந்திருக்கின்றன. முன்பு சர்வீஸ் போட்ட அணிக்கே புள்ளி. ஆட்டம் 15 புள்ளி. 1990-களின் இறுதியில் அதை மாற்றி, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, ஆட்டத்துக்கு 25 என்று வைத்தார்கள். தற்காப்புக்கென்றே 'லிபரோ' என்ற தனி ஆட்டக்காரர் 1998-ல் வந்தார். சர்வீஸ் பந்து வலையைத் தொட்டு எதிர்ப்புறம் விழுந்தால் இப்போது தவறல்ல. காலில் பட்டாலும் தவறல்ல.

நம் ஊர்ப் போட்டிகளில் இதற்கெல்லாம் இன்னும் விசில் ஊதிச் சண்டை வருகிறதே, ஏன்? நம் பையன்களுக்கு அறிவில்லையா? விதிப்புத்தகம் தமிழில், அவர்கள் கைக்கு, ஒழுங்காக வந்து சேரவில்லை! சட்டம் தெரியாதவன் கோர்ட்டில் தோற்பது போல, விதி தெரியாதவன் மாவட்டப் போட்டியில் தோற்கிறான்.

மேலே உட்கார்ந்திருப்பவர்கள்

சரி, விதியும் பணமும் அதிகாரமும் கையில் உள்ளவர்கள் என்ன செய்தார்கள்? 1951-ல் தொடங்கிய இந்தியக் கைப்பந்துச் சம்மேளனத்தில் நாற்காலிச் சண்டை முற்றி, 2016 இறுதியில் சர்வதேசச் சம்மேளனமே அதை இடைநீக்கம் செய்தது. சண்டை போட்டது நிர்வாகிகள். தண்டனை விழுந்தது ஆட்டக்காரர்கள் தலையில்.

அப்புறம் தனியார் லீக் வந்தது. 2019-ல் ஒன்று, 2022-ல் இன்னொன்று. ஆட்டக்காரருக்கு நாலு காசு கிடைத்தது; அதை நாம் குறை சொல்லவில்லை. உழைப்புக்குக் கூலி நியாயமே. ஆனால் அணியை நிரப்பிய முறை என்ன? ஏலம்! போடியில் ஏலக்காய் ஏலம் போவதை நாம் அறிவோம். ஏலக்காய்க்காவது காயின் தரம் பார்த்து விலை. இங்கே ஆளையே ஏலம்! டெலிவிஷன் நேரத்துக்குத் தோதாக 25 புள்ளி ஆட்டத்தை 15 ஆகக் குறைத்தார்கள். உலகம் 25-க்கு ஆடும்போது 15-க்குப் பழகியவன் உலகத்தை எப்படி வெல்வான்? லீக் என்பது மரத்தின் உச்சியில் பழம் பறிக்கும் வேலை. வேருக்குத் தண்ணீர் ஊற்ற எந்த முதலாளி வந்தான்?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: ஒவ்வொரு ஊரிலும் பொது நிலத்தில் நிரந்தரக் கைப்பந்துத் தரையும் விளக்கும் வேண்டும். ஆக்கிரமித்த பொட்டல்களை மீட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டு: மாவட்டப் போட்டிக்கும் மாநிலப் போட்டிக்கும் போகிற ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். ஆட்டக்காரனுக்கு ஷிப்டு மாற்றிக் கொடுப்பது தர்மம் அல்ல, உரிமை.

மூன்று: சர்க்கார் சம்பளத்தில் பயிற்சியாளர் தாலுகாதோறும் வேண்டும். நடுவர் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழில், கட்டணமின்றி நடக்க வேண்டும்.

நான்கு: பெண்களுக்கும் அதே தரை, அதே விளக்கு, அதே பொழுது வேண்டும்.

இது பேராசையா? சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மன் கோவிலுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். ஊர் மனம் வைத்தால் தண்ணீர்ப் பந்தலும் விளக்கும் ஒரே நாளில் எழுகின்றன. அதே ஊர் ஒன்றுகூடிப் பஞ்சாயத்து வாசலில் நின்று கேட்டால், ஒரு தரைக்கும் நாலு விளக்குக்கும் வழி பிறக்காதா?

தோழர்களே! பந்தைத் தனியாக ஒருவன் மூன்று முறை தொட முடியாது; அது தவறு என்கிறது விதி. ஒருவன் எடுக்க வேண்டும், ஒருவன் தூக்கிக் கொடுக்க வேண்டும், ஒருவன் அடிக்க வேண்டும். நம் சங்கமும் அப்படித்தான். வயலில் நிற்பவன் எடுக்கட்டும்; ஆலையில் நிற்பவன் தூக்கிக் கொடுக்கட்டும்; இருவரும் சேர்ந்து அடிப்போம்.

வேன் ஹாரன் அடிக்கட்டும். அந்தத் தம்பி கடைசி இரண்டு பாயிண்டையும் ஆடி முடித்துவிட்டு, நிமிர்ந்து நடந்து போய் ஏறும் நாளைக் கொண்டுவருவோம்!