மலைக்கொல்லையும் கீழ்நாட்டு ஏரியும்

நம் ஜில்லாவின் வடமேற்கில் நிற்கும் ஜவ்வாது மலையைக் கீழ்நாட்டு விவசாயி பெரும்பாலும் தேனும் புளியும் கடுக்காயும் வரும் இடமாகவே எண்ணுகிறார். அவருடைய ஏரிக்கு ஜலம் வருவதும் அங்கிருந்தே என்பது மழை பொய்த்த வருஷத்தில்தான் நினைவுக்கு வருகிறது. சுமார் 50 மைல் நீளமும் 20 மைல் அகலமுமுள்ள இம்மலைத்தொடரில் உற்பத்தியாகும் செய்யாறு, செங்கம் தாலுகாவில் குப்பநத்தம் அணையில் தேங்கி, கலசபாக்கம், திருவத்திபுரம் முதலிய ஊர்களைக் கடந்து பாலாற்றோடு கலக்கின்றது. மலைபடுகடாம் பாடிய புலவர் நன்னனது மலையைக் கூறுமிடத்துச் சேயாற்றையும் சேர்த்தே கூறினார். மலையை வேறாகவும் ஆற்றை வேறாகவும் கருதும் வழக்கம் நம் காலத்தது.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்கள் கேரள தேசத்தாரல்லர். காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் சொல்லும் வரலாறு. சாமையே இவர்களது முதற் பயிர். மானாவாரியாகச் சரிவு நிலத்தில் கைவீச்சாக விதைக்கப்படும் இப்பயிர் அதிக எருவும் வேண்டாது சில மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் உழவுசால் சரிவோடு ஓடுமாயின், பலத்த மழை பெய்யும்போது மேல்மண் சாலோடு இறங்கி ஓடையில் சேரும். ஓடை ஆற்றிலும், ஆறு நம் கால்வாயிலும் அதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

2017ஆம் வருஷத்தில் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபின் ஏரிகளைத் தூர்வாரினோம், நல்ல காரியமே. அந்த வண்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? 2024 டிசம்பர் 1ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் நம் நகரத்து மலைச்சரிவிலேயே மண் இறங்கி ஏழு உயிர்கள் மாண்டன. அம்மலையும் ஜவ்வாதும் ஒன்றல்ல. எனினும் பெருமழைக்குமுன் சரிவு நிலம் எத்தகையது என்பதை அதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

மலைமேல் சாகுபடியையே நிறுத்திவிட்டால் என்ன என்று கீழ்நாட்டார் சிலர் கேட்கின்றனர். இது நியாயமுமன்று, யுக்தியுமன்று. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் பழங்குடியினர் உழுது வந்த நிலத்தில் அவர்களுக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது. அன்றியும், கொல்லை சோறு போடாவிடில் அவர்கள் போவது எங்கே? 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையான இருபது பேரில் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். கூலிக்கு மரம் வெட்டப் போவோரைக் குற்றஞ் சொல்லுமுன் சாமைக்குக் கிடைக்கும் விலையை விசாரிப்பது தகும்.

சாமையின் உமி நீக்குவது எளிதன்று. உரலில் குத்தும் வேலை பெண்மக்களின் முதுகை ஒடிக்கும். ஆகையால் உமியோடேயே வியாபாரிக்கு அளந்துவிடுகின்றனர். அரிசியாக்கியபின் கிடைக்கும் லாபம் மலையில் தங்குவதில்லை. நம் நகருக்கு அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து அத்தியந்தல் 1 என்னும் சாமை ரகமும் வெளிவந்துள்ளது. விதை மட்டும் போதாது. உமி நீக்கும் இயந்திரம் மலைக் கிராமங்களிலேயே ஓடவேண்டும். கீழ்நாட்டுச் சங்கங்கள் அங்கேயே சாமையரிசியாக வாங்கவேண்டும்.

அதற்கு ஈடாகக் கேட்கத்தக்கது ஒன்றுண்டு: சரிவுக்குக் குறுக்கே உழவும், கிடைக்கும் கல்லைக்கொண்டு சமமட்ட வரப்பும், வரப்பின்மேல் வெட்டிவேரும். இவ்வேலையின் கூலியை மலையாளி தனியே சுமக்கவேண்டுமென்பது அடாது. தூர்வாருவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு மலைக்குச் செல்லட்டும். சாமை அறுத்து, கொல்லை வெறுமையாயிருக்கும் மாசி, பங்குனி மாதங்களே கல்வரப்புக்கு ஏற்ற காலம். செய்யாற்று ஆயக்கட்டு கிராமத்தார் அதற்குமுன் கூடி, தம் கிராம நிர்வாக அலுவலர் மூலம் கலெக்டருக்கு மனுச் செய்துகொள்ளலாம்.