யாருடைய இலக்கு?

இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவால் பாதிக்கப்பட்டுள்ளனர் என்றும், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசலில் நிற்கின்றனர் என்றும் 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வு தெரிவித்தது. வாசலில் நிற்பவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டால், நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். அதற்கு உதவுவதாகக் கூறித்தான் கைக்கடிகாரக் கருவிகளும் செல்பேசிச் செயலிகளும் சந்தையில் குவிகின்றன.

இவற்றின் அடிப்படைக் குறைபாடு, இலக்கைத் தீர்மானிப்பவர் பயனாளி அல்லர் என்பதுதான். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பதே, 1960-களில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனை செய்த நடைமானியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. நாள் முழுவதும் செங்கல் சுமக்கும் தொழிலாளிக்கும், நாற்காலியை விட்டு எழாத அலுவலருக்கும் ஒரே இலக்கு எப்படிப் பொருந்தும்?

மாற்று வழி நம்மிடமே இருக்கிறது. டாக்டர் அம்பாடி ராமச்சந்திரன் தலைமையில் தென்னிந்தியாவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், நீரிழிவு வரும் அபாயத்தில் இருந்த 537 ஆண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரையுடன், மாற்றத்துக்கு அவரவர் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறார் என்பதற்கேற்பக் குறுஞ்செய்திகளும் அனுப்பப்பட்டன. இரண்டாண்டு முடிவில் அவர்களில் 18% பேருக்கும், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 27% பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த முடிவு 2013-இல் வெளியானது. பயன் தந்தது விலையுயர்ந்த கருவியல்ல. மனிதரை அறிந்து பேசிய சாதாரணக் குறுஞ்செய்தி.

அதைப் படிக்க இயலாதவர்களுக்குக் குரல் இருக்கிறது. மத்திய அரசு 2016-இல் தொடங்கிய 'கில்காரி' திட்டம், கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மார்களுக்கும் வாரந்தோறும் தொலைபேசி வழியே ஆலோசனை கூறுகிறது. ஆனால், தாங்களே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருக்கும் பெண்கள் 54% மட்டுமே என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. பதிவான எண் கணவருடையதாக இருந்து, அவர் வேலைக்குச் சென்றுவிட்டால், அந்தக் குரல் யாரைச் சென்றடையும்?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் 2021 முதல் மக்களுக்கு சுகாதாரக் கணக்கு எண் வழங்கிவரும் மத்திய அரசு, பதிவானவர்களின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டுவதுடன் நின்றுவிடக் கூடாது. அரசு உருவாக்கும் ஒவ்வொரு செயலியும் சாதாரண செல்பேசியிலும், இணைய வசதி இல்லாத சிற்றூரிலும், தாய்மொழியிலும் இயங்க வேண்டும். ஆஷா பணியாளரின் நேரடிச் சந்திப்புக்கு அது துணையாக வேண்டுமே தவிர, மாற்றாகிவிடக் கூடாது. சர்க்கரை அளவும் உடல் எடையும் பயனாளியின் தெளிவான ஒப்புதலின்றி காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை தருபவருக்கோ போய்ச் சேரக் கூடாது. அந்த அச்சம் நீங்காதவரை எவரும் உண்மையான தகவலைப் பதிவு செய்ய முன்வர மாட்டார்கள்.

உடல் நலம் மக்களுடையது. அதற்கான இலக்கும் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்!